ஏழு படிகளில் ஆறாவது: டிபிஎம் எதற்குச் சம்பளம் வாங்குகிறார்?



போன எபிசோடில் கிளவுட் கொம்பனிகளில் இருக்கிற வேலைகளைப் பற்றிக் கதைக்கும்போது "டிபிஎம்" என்ற சொல்லைப் பத்துத் தரமாவது சொல்லியிருப்போம். பிறகு வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "அண்ணா, அந்த ஆள் கோட் எழுதுறதும் இல்லை, சேர்வரைத் தொடுறதும் இல்லை. அப்ப அவருக்கு ஏன் அவ்வளவு சம்பளம்?"

நியாயமான கேள்வி. டெக்னிக்கல் புரோகிராம் மனேஜர் வேலைக்கு வரும் விளம்பரங்களைப் படித்தால் ஒன்றும் விளங்காது. "பல அணிகளை ஒருங்கிணைத்தல்", "இலக்கை நோக்கி நகர்த்தல்" என்று எந்த வேலைக்கும் பொருந்துகிற மாதிரி எழுதியிருப்பார்கள். அதனால் இன்றைக்கு வரைவிலக்கணத்தை விட்டுவிட்டு, ரொறொன்ரோவில் இருந்த எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற ஒரு நாளில் இருந்து தொடங்குவம்.

2022 ஜூலை 8

வெள்ளிக்கிழமை விடிய எழும்பிப் பார்த்தால் ரொஜர்ஸ் இல்லை. வீட்டு இன்டர்நெட் இல்லை, கைபேசி இல்லை, ஃபைடோவும் இல்லை. நாடு முழுக்க 12 மில்லியனுக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் அறுபட்டார்கள். இன்டராக் நின்றதால் டெபிட் கார்ட் வேலை செய்யவில்லை, இ-டிரான்ஸ்ஃபர் போகவில்லை. கடைக் கதவுகளில் "காசு மட்டும்" என்று கடதாசி ஒட்டினார்கள். ஸ்காபரோவில் வளர்ந்த வீக்கெண்ட் அன்று இரவு ரொஜர்ஸ் சென்ரரில் பாட இருந்தார். அதுவும் தள்ளிப்போனது.

இதெல்லாம் தொந்தரவு. 911 அழைப்புகள் போகாமல் நின்றதுதான் பயங்கரம். வழக்கமாக உங்கள் கொம்பனியின் சிக்னல் இல்லாவிட்டால் போன் பக்கத்தில் இருக்கிற வேறு கொம்பனியின் கோபுரத்தைப் பிடித்து 911-ஐ எடுக்கும். அன்று ரொஜர்ஸின் கோபுரங்கள் உயிரோடு இருந்தன, பின்னால் இருக்கிற நெட்வேர்க்தான் செத்துப்போயிருந்தது. போன்களோ "சிக்னல் இருக்குதே" என்று ரொஜர்ஸையே பிடித்துக்கொண்டு நின்றன. முழுக்கச் செத்திருந்தால்கூட அழைப்பு போயிருக்கும். பாதி உயிர்தான் வினையாகப் போனது.

அன்று கிளவுட்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் கவனியுங்கோ. டேட்டா சென்ரர்களில் சேர்வர்கள் வழமைபோல ஓடின. அங்கே போகிற பாதைதான் இல்லை. வாசல் பூட்டியிருந்தால் உள்ளே சமைத்து வைத்த சாப்பாட்டால் என்ன பயன்?

என்ன நடந்தது?

ரொஜர்ஸ் தன் மைய நெட்வேர்க்கை மேம்படுத்தும் ஒரு திட்டத்தைச் சில கிழமைகளாக நடத்திக்கொண்டிருந்தது. மொத்தம் ஏழு படிகள். முதல் ஐந்தும் பிரச்சினை இல்லாமல் முடிந்தன. ஜூலை 8 அதிகாலையில் ஆறாவது படி.

ரவுட்டர்களைச் சந்தியில் நிற்கிற போக்குவரத்துப் பொலிஸ்காரர் மாதிரி நினையுங்கோ. எந்தப் பொதி எந்தப் பாதையால் போகவேண்டும் என்று அவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்கும். முழு இன்டர்நெட்டுக்கும் உரிய பாதைகளின் பட்டியல் மிகப் பெரியது. மையத்தில் இருக்கிற ரவுட்டர்களுக்கு அவ்வளவும் தேவையில்லை. அதனால் அவற்றுக்கு முன்னால் நிற்கும் விநியோக ரவுட்டர்களில் ஒரு வடிகட்டி இருக்கும். தேவையானதை மட்டும் அது உள்ளே விடும்.

அதிகாலை 4:43-க்கு அந்த வடிகட்டி நீக்கப்பட்டது. பாதைப் பட்டியல்கள் வெள்ளம்போல உள்ளே பாய்ந்தன. மைய ரவுட்டர்களின் கொள்ளளவு தாண்டி, சில நிமிடங்களுக்குள் அவை விழுந்தன. கைபேசிக்கும் வீட்டு இன்டர்நெட்டுக்கும் ஒரே மையம்தான். ஆகவே இரண்டும் சேர்ந்து போயின.

சிஆர்டிசி இதை ஆராயச் சோனா பார்ட்னர்ஸ் என்ற நிறுவனத்தை அமர்த்தியது. அந்த அறிக்கையின் சுருக்கம் 2024 ஜூலையில் வெளிவந்தது. கனக்கப் பேர் வடிகட்டிக் கதையை வாசித்துவிட்டு "ஓ, ஒருத்தன் பிழையான கொமாண்ட் அடிச்சிட்டான்" என்று மூடி வைத்துவிட்டார்கள். எனக்கு அந்த அறிக்கையில் முக்கியமாகப் பட்டது வேறு ஓர் இடம்.

இந்த ஏழு படித் திட்டத்தைத் தொடங்கும்போது ரொஜர்ஸ் அதன் ஆபத்தை "உயர்வு" என்றுதான் மதிப்பிட்டிருந்தது. பிறகு வந்த படிகள் "நடுத்தரம்" ஆயின. வடிகட்டியைத் தொடும் நேரம் வந்தபோது அது "குறைவு" ஆகியிருந்தது. ஏன்? அவர்களுடைய கணிப்பு முறை முன்னைய படிகளின் வெற்றியையும் கணக்கில் எடுத்தது. ஒவ்வொரு படியும் நல்லபடியாக முடிய முடிய அடுத்த படியின் ஆபத்து எண் தானாகவே இறங்கியது. இப்படி ஒரு வடிகட்டியை மாற்றுவதென்றால் மிகக் கவனமாகப் பார்க்கவேண்டும், உண்மையான நெட்வேர்க்கில் போடமுன் லாபில் சோதிக்கவேண்டும் என்பது இந்தத் துறையின் வழமை. அதை "குறைவு" என்று இறக்கியது அந்த வழமைக்கு மாறானது என்று அறிக்கை சொல்கிறது.

இதை 401-இல் வைத்துப் பார்ப்பம். மாரியில் ஐந்து நாள் பத்திரமாக வேலைக்குப் போய் வந்துவிட்டீர்கள். ஆறாவது நாள் உறைமழை. "ஐந்து நாளும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்று நூற்றிருபதில் ஓடுவீர்களா? முதல் ஐந்து நாளும் உங்களுக்குச் சொன்னது அந்த ஐந்து நாளின் றோட்டைப் பற்றி மட்டுமே.

டிபிஎம் எதற்கு என்று ஒரு வசனத்தில் கேட்டால் என் பதில் இதுதான்: திட்டம் நல்லாய்ப் போய்க்கொண்டிருக்கும்போது, அடுத்த படியைப் புதுப் படியாகப் பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

கொப்பியோடு திரியும் மாமா

இனி அந்த வேலை எப்படி இருக்கும் என்று பார்ப்பம். நீங்கள் எல்லாரும் ஒரு டிபிஎம்மை நேரில் பார்த்திருக்கிறீர்கள். எங்கட கலியாண வீடுகளில் கொப்பியோடு திரியும் ஒரு மாமா இருப்பார்.

அவர் சமைப்பதில்லை, மேளம் அடிப்பதில்லை, படம் எடுப்பதில்லை, மந்திரமும் சொல்வதில்லை. ஆனால் மணவறைக்காரர் வந்து கட்டி முடிக்காவிட்டால் ஐயர் தொடங்க ஏலாது என்று அவருக்குத் தெரியும். சாப்பாட்டு வான் வருகிற நேரம் தெரியும். முகூர்த்த நேரம் நகராது, மற்றதெல்லாம் நகரலாம் என்றும் தெரியும். முக்கியமாக, ஓமப் புகைக்கு மண்டபத்தின் ஃபயர் அலாம் அடிக்கும், மண்டபக்காரரோடு முன்கூட்டியே கதைத்து அதற்கு ஒழுங்கு செய்யவேண்டும் என்று தெரியும். இந்தக் கடைசி விஷயம்தான் பெயரில் இருக்கிற "டெக்னிக்கல்". புகைக்கும் அலாமுக்கும் இருக்கிற தொடர்பு தெரியாத மாமா எவ்வளவு நல்ல கொப்பி வைத்திருந்தாலும் தாலி கட்டுகிற நேரம் எல்லாரும் கார் பார்க்கில்தான் நிற்பார்கள்.

பெயர்கள் குழப்பும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். புரொடக்ட் மனேஜர் என்ன செய்யவேண்டும், யாருக்காக என்று முடிவெடுப்பவர். என்ஜினியரிங் மனேஜர் ஒரு டீமின் ஆட்களுக்குப் பொறுப்பானவர். புரொஜெக்ட் மனேஜர் ஒரு வேலையை நாளுக்கும் காசுக்கும் உள்ளே முடிப்பவர். டிபிஎம் பல டீம்கள் சேர்ந்து செய்யும் ஒரு பெரிய விஷயத்தில், டீம்களுக்கு இடையில் இருக்கிற இடைவெளிக்குப் பொறுப்பானவர். ஒவ்வொரு டீமும் தன் வேலையைச் சரியாகச் செய்தும் மொத்தம் உடையலாம். உடைகிற இடம் அந்த இடைவெளிதான்.

வீட்டில் "மனேஜர்" என்று சொன்னால் முதல் கேள்வி "உனக்குக் கீழ எத்தினை பேர்?" என்று வரும். அநேகமான டிபிஎம்களுக்கு உண்மையான பதில்: ஒருத்தரும் இல்லை. யாருக்கும் கட்டளையிட ஏலாது. மாமாவுக்கும் அப்படித்தானே? மேளகாரருக்குச் சம்பளம் கொடுப்பது அவர் இல்லை. ஆனாலும் அவர் சொன்னால் கேட்பார்கள். அவர் சொல்வது வழமையாகச் சரியாக இருக்கும் என்பதுதான் காரணம்.

கனடாவுக்குக் கிளவுட் வந்த கதை

கிளவுட் என்பது வேறொருவரின் கட்டடத்தில் இருக்கிற கொம்பியூட்டர்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கட்டடங்கள் கனடாவில் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அரசாங்கம், வங்கி, வைத்தியசாலை போன்ற இடங்கள் தங்கள் தரவு எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போவதை விரும்பவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021 வரை அரச நிறுவனங்கள் தனிப்பட்ட தகவல்களைக் கனடாவுக்குள்ளேயே வைத்திருக்கவேண்டும் என்று சட்டமே இருந்தது.

2016 மே மாதம் மைக்ரோசொஃப்ட் ரொறொன்ரோவிலும் கியூபெக் சிற்றியிலும் தன் ரீஜன்களைத் திறந்தது. அதே வருடம் டிசம்பரில் அமேசன் மொன்றியல் பகுதியில் திறந்தது. கூகிள் 2018-இல் மொன்றியலுக்கும் 2021-இல் ரொறொன்ரோவுக்கும் வந்தது. அமேசனின் இரண்டாவது கனடிய ரீஜன் 2023 டிசம்பரில் கல்கரியில் தொடங்கியது.

"ரீஜன் திறப்பது" என்றால் ஏதோ கடை திறப்பது மாதிரி இருக்கும். உண்மையில் அது டிபிஎம் வேலையின் உச்சம். நிலம், மின்சாரம், குளிரூட்டல், ஃபைபர் எல்லாம் வேண்டும். பெரிய மின் உபகரணங்களுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் மென்பொருள் வரும், அங்கேதான் உண்மையான தலையிடி தொடங்கும்.

ஒரு சேர்வரை இயக்க "இவர் யார், இவருக்கு அனுமதி இருக்கா?" என்று பார்க்கும் சேவை வேண்டும். அந்தச் சேவைக்கு ஒரு தரவுத்தளம் வேண்டும். தரவுத்தளத்துக்குச் சேமிப்பு வேண்டும். சேமிப்பை ஓட்டச் சேர்வர் வேண்டும். அந்தச் சேர்வரை இயக்க அனுமதி வேண்டும். கோழியா முட்டையா கதைதான். ஓடிக்கொண்டிருக்கிற பழைய ரீஜனில் இது தெரியாது, எல்லாம் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும். வெறும் கட்டடத்தில் தொடங்கும்போதுதான் யார் யாரில் தங்கி நிற்கிறார் என்று வெளிக்கும்.

பொதுவான வழி, முதலில் பழைய ரீஜன் ஒன்றில் இருந்து கைகொடுத்து மிக அடிப்படையான சேவைகளை எழுப்புவது. பிறகு ஒவ்வொன்றாக மேலே அடுக்குவது. கடைசியில் பழைய ரீஜனோடு இருக்கிற கயிற்றை வெட்டிப் பார்ப்பது. வெட்டினபிறகும் நின்றால்தான் அது ரீஜன். இந்த வரிசையை வரைவது, "உங்கட சேவை எதில தங்கி நிக்குது?" என்று ஒவ்வொரு டீமிடமும் கேட்பது, வருகிற பதிலை நம்பாமல் சோதித்துப் பார்ப்பது எல்லாம் டிபிஎம்மின் வேலை. டீம்கள் பொய் சொல்வதில்லை. தங்கள் சேவை எதில் தங்கி நிற்கிறது என்று அவர்களுக்கே முழுக்கத் தெரியாது.

2025 அக்டோபர் 20-ஆம் திகதி இது எப்படி இருக்கும் என்று உலகமே பார்த்தது. அமேசனின் வேர்ஜீனியா ரீஜனில் டைனமோடிபி என்ற தரவுத்தளத்தின் டிஎன்எஸ் முகவரியைப் பராமரிக்கும் தானியங்கிகள் ஒன்றோடொன்று மோதியதில் முகவரிப் பதிவு வெறுமையாகிவிட்டது. தரவுத்தளம் இருந்தது, அதன் விலாசம் இல்லை. அதை மூன்று மணித்தியாலத்துக்குள் சரிசெய்தார்கள். ஆனால் புதிய சேர்வர்களை எழுப்பும் அமைப்பும் உள்ளே அதே தரவுத்தளத்தில்தான் தங்கியிருந்தது. தேங்கிப்போன வேலைகளில் அது மூச்சுத் திணறி, முழுதாக வழமைக்குத் திரும்ப ரொறொன்ரோ நேரப்படி பின்னேரம் ஆகிவிட்டது. ஒரு பதிவு அழிந்ததன் விலை, அதில் யார் யார் தங்கி நின்றார்கள் என்பதைப் பொறுத்தது.

போகலாமா, நிற்கலாமா?

பெரிய மாற்றம் ஒன்றுக்கு முன்னால் ஒரு கூட்டம் நடக்கும். "போகலாமா, நிற்கலாமா?" என்று முடிவெடுக்கும் கூட்டம். டிபிஎம்மின் உண்மையான வேலை முழுக்க அந்த அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். நல்ல டிபிஎம்கள் கேட்கிற கேள்விகளைப் பார்த்தால் மூன்றுதான்.

முதலாவது: இந்தப் படி முந்தின படிகளில் இருந்து எதில் வேறு? ரொஜர்ஸ் கதையில் பார்த்தோமே. "முந்தினது சரியாய்ப் போனது" என்பது இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. இந்த முறை தொடுகிற பொருள் எது, அதை முன்பு தொட்டிருக்கிறோமா என்று கேட்கவேண்டும். முதல் ஐந்து படியிலும் தொடாத ஒன்றைத் தொடுவதென்றால் அது ஆறாவது படி இல்லை. அதுவும் முதற் படிதான்.

இரண்டாவது: பிழைத்தால் எவ்வளவு தூரம் பரவும்? இதனால்தான் கிளவுட் கொம்பனிகள் மாற்றங்களை அலை அலையாகப் போடும். முதலில் ஒரே ஒரு சேர்வரில். பிறகு ஒரு சின்ன இடத்தில். கொஞ்சம் காத்திருந்து பார்த்து, பிறகு ஒரு ரீஜன், பிறகு மற்ற ரீஜன்கள். காத்திருக்கிற நேரம் வீண் நேரம் மாதிரித் தெரியும், மேலிடம் அதைத்தான் முதலில் வெட்டச் சொல்லும். அந்த நேரத்தைக் காப்பாற்றி வைப்பது டிபிஎம்மின் பொறுப்பு. சோறு கொதித்தவுடன் இறக்க ஏலாது, அடங்கவும் நேரம் வேண்டும்.

மூன்றாவது: திரும்பி வருகிற வழி, உடைகிற பொருளின் மேலேயே கட்டியிருக்கா? எனக்கு இந்தக் கேள்விதான் மிகப் பிடித்தது. ரொஜர்ஸின் ரவுட்டர்களைத் தூரத்தில் இருந்து திருத்துவதற்கான நெட்வேர்க் அதே மையத்தின் மேல்தான் ஓடியது. மையம் விழுந்ததும் அதைத் திருத்தும் வழியும் விழுந்தது. ஊழியர்கள் ஒருவரோடொருவர் கதைப்பதற்கும் ரொஜர்ஸ் போன்தான். வேறு கொம்பனிகளின் சிம் கார்டுகளைத் தூர இடங்களுக்கு அனுப்பவேண்டியிருந்தது. என்ன உடைந்தது என்று கண்டுபிடிக்க மட்டும் ஏறக்குறைய 14 மணித்தியாலம் எடுத்தது. 2021 அக்டோபர் 4-ஆம் திகதி ஃபேஸ்புக் விழுந்தபோதும் இதே கதை. உள்ளே பாவிக்கும் கருவிகளும் சேர்ந்து விழுந்ததால் என்ஜினியர்கள் நேரில் டேட்டா சென்ரருக்குப் போகவேண்டியதாயிற்று.

மூன்று கேள்வியும் ஒரே சம்பவத்தில் வரும் உதாரணம் வேண்டுமென்றால் 2017 பெப்ரவரி 28. அமேசனின் எஸ்3 சேமிப்புச் சேவையில் கட்டணம் கணக்கிடும் பகுதி மெதுவாக ஓடியது. அதைத் திருத்த ஒரு என்ஜினியர் வழமையான கையேட்டைப் பார்த்துச் சில சேர்வர்களை நிறுத்தும் கொமாண்டைக் கொடுத்தார். அதில் ஓர் இடம் பிழையாக அடிக்கப்பட்டு, நினைத்ததைவிடக் கனக்கச் சேர்வர்கள் நின்றன. அந்தக் கருவிக்கு "இவ்வளவுக்குக் கீழ போகாதே" என்ற எல்லை இருக்கவில்லை. நின்ற பகுதிகளைப் பெரிய ரீஜன்களில் பல வருடங்களாக முழுதாக நிறுத்தித் தொடங்கியதே இல்லை. அதற்கிடையில் எஸ்3 எவ்வளவோ வளர்ந்துவிட்டது. மீண்டும் எழும்ப நாலு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. எது வேலை செய்கிறது, எது இல்லை என்று காட்டும் பலகையை மாற்றுவதற்கும் எஸ்3 தேவைப்பட்டது. கொஞ்ச நேரம் அந்தப் பலகையில் எல்லாம் பச்சையாகவே இருந்தது.

அமேசன் பிறகு எழுதிய விளக்கத்தில் அந்த என்ஜினியரைத் திட்டவில்லை. கருவி மெதுவாகத்தான் சேர்வர்களை எடுக்கும்படியும் ஒரு குறைந்த அளவுக்குக் கீழே போகாதபடியும் மாற்றினார்கள். ஒரு விரல் தவறினால் ஒரு ரீஜன் விழுமென்றால், திருத்தவேண்டியது விரலையா கருவியையா?

வத்தகப்பழ ரிப்போர்ட்

ஒவ்வொரு கிழமையும் டிபிஎம் ஒரு ரிப்போர்ட் அனுப்புவார். பச்சை என்றால் நல்லம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் பிரச்சினை. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு வத்தகப்பழ ரிப்போர்ட் என்றால் உடனே விளங்கும்: வெளியில் பச்சை, வெட்டிப் பார்த்தால் சிவப்பு.

ஏன் அப்படி எழுதுகிறார்கள்? யாரும் கெட்டவர்கள் இல்லை. என்ஜினியர் தன் மனேஜரிடம் "கொஞ்சம் கஷ்டம்" என்கிறார். மனேஜர் டைரக்டரிடம் "சமாளிக்கலாம்" என்கிறார். டைரக்டர் மேலே "சரியாய்ப் போகுது" என்கிறார். ஒவ்வொரு படியிலும் நிறம் கொஞ்சம் மாறுகிறது.

நான் கொன்ட்ராக்டில் வேலை செய்கிறவன். ஆறு மாதம், ஒரு வருடம் என்று இடம் மாறுகிறவன். கொன்ட்ராக்டை நீடிப்பதா என்று முடிவெடுக்கிறவரும் ரிப்போர்ட்டைப் படிக்கிறவரும் அநேகமாக ஒரே ஆள். சிவப்பு எழுதும்போது என்ன யோசனை வரும் என்று நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதனால் நான் நிறத்தை நம்புவதில்லை, எழுதும்போது சான்றை எழுதுவேன். "மாற்றம் 60 வீதம் முடிந்தது" என்று எழுதுவதில் பயனில்லை. "ஐந்து சேவைகளில் மூன்று புதிய இடத்தில் ஓடுகின்றன. நாலாவது போன செவ்வாய் சோதனையில் விழுந்தது. திரும்பச் சோதிக்கும் திகதி இன்னும் இல்லை" என்று எழுதினால் படிக்கிறவரே நிறத்தைப் போட்டுக்கொள்வார். யாரையும் குற்றம் சொல்லவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை.

இதில் எங்களுக்கென்று ஒரு சிக்கலும் இருக்கு. "பெரியாக்கள் கதைக்கேக்க இடையில கதைக்காத" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அது நல்ல பழக்கம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருபது வருட அனுபவம் உள்ள ஒருவர் "ஒண்டும் நடக்காது, போவம்" என்று சொல்கிற கூட்டத்தில், ஆறு மாத அனுபவம் உள்ள நீங்கள் "ஒரு நிமிஷம், இந்த வடிகட்டியை லாபில சோதிச்சம்தானே?" என்று கேட்கவேண்டி வரும். அதை மரியாதையாகவே கேட்கலாம். கேள்வியாகக் கேட்டால் அது எதிர்ப்பு இல்லை. "நீங்கள் பிழை" என்று சொல்லத் தேவையே இல்லை. "இதைச் சோதித்த பதிவு எங்க இருக்கெண்டு சொல்லுங்கோ, ரிப்போர்ட்டில போடுறன்" என்றால் போதும். பதிவு இருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. இல்லாவிட்டால் எல்லாருக்கும் அது அப்போதே தெரிந்துவிடும்.

911-ஐ அழுத்திக்கொண்டு நிற்கிற ஒருவருக்கு ஏழு படியும் தெரியாது, வடிகட்டியும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் அவருக்காக இருக்கிற ஒரே ஆள் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்தான்.

ரொஜர்ஸ் பிறகு என்ன செய்தது?

கைபேசி மையத்தையும் வீட்டு இன்டர்நெட் மையத்தையும் பிரிப்பதாக அறிவித்தது. ரவுட்டர்களைத் திருத்தும் நெட்வேர்க்கையும் மையத்தில் இருந்து தனியாக்கியது. 2022 செப்டம்பரில் பெரிய தொலைத்தொடர்பு கொம்பனிகள் எல்லாம், ஒன்று விழுந்தால் மற்றது 911-க்கும் அவசர ரோமிங்குக்கும் கைகொடுப்பது என்று ஒப்பந்தம் செய்தன. அரசாங்கம் அதற்கு அறுபது நாள் தவணை கொடுத்திருந்தது. இன்டராக் இரண்டாவது நெட்வேர்க் கொம்பனி ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. இவை எல்லாம் மேலே சொன்ன இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கான பதில்கள். விலை கொடுத்துப் பெற்ற பதில்கள்.

இந்த வேலைக்கு எப்படிப் போகிறது?

நேரே டிபிஎம்மாகத் தொடங்குகிறவர்கள் குறைவு. அநேகமாக இரண்டு மூன்று வருடம் டெவலப்பராகவோ, சோதனையிலோ, சேவைகளைக் காவல் காக்கும் டீமிலோ இருந்துவிட்டு வருவார்கள். வாட்டர்லூ, யோர்க், டிஎம்யூ, யூஒஃப்டி ஸ்காபரோ என்று எங்கே படித்தாலும், கோ-ஒப்பில் இரவு நேர அலாம் அடிக்கிற ஒரு டீமில் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீங்கோ. ஒரு பொருள் எப்படி உடைகிறது என்று பார்த்தவருக்குத்தான் எங்கே உடையும் என்று கேட்கத் தெரியும்.

"ஏஐ வந்தால் இந்த வேலை போயிடுமே?" என்றும் கேட்டிருந்தீர்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது, திகதிகளை அடுக்குவது, ஆட்களுக்கு நினைவூட்டுவது எல்லாம் போகும் என்றுதான் நினைக்கிறேன், போனாலும் பரவாயில்லை. ஆனால் ரொஜர்ஸ் கதையில் ஆபத்தைக் கணித்ததும் ஒரு கணிப்பு முறைதான் என்பதை மறக்காதீங்கோ. அது தனக்குச் சொன்ன கணக்கைச் சரியாகவே செய்தது. கணக்கே பிழை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இந்தக் கிழமைக்கு ஒரு சின்ன வேலை. அமேசன் தன் பெரிய விபத்துகளைப் பற்றிய விளக்கங்களை வெளியிட்டிருக்கிறது, சிஆர்டிசி ரொஜர்ஸ் அறிக்கையின் சுருக்கத்தை வெளியிட்டிருக்கிறது. இரண்டும் இலவசம். ஏதாவது ஒன்றை எடுத்து, ஒரு வெள்ளைக் கடதாசியில் எது எதில் தங்கி நின்றது என்று அம்புக்குறி போட்டு வரையுங்கோ. பிறகு அந்த மூன்று கேள்வியையும் எந்த நாளில், எந்தப் படிக்கு முன்னால் கேட்டிருக்கவேண்டும் என்று ஒரு புள்ளி வையுங்கோ. அந்தப் புள்ளியைச் சரியாக வைக்கத் தெரிந்தால் வேலையின் பாதி உங்களுக்குத் தெரியும். வரைந்ததைப் படம் எடுத்து அனுப்புங்கோ, அடுத்த எபிசோடில் இரண்டு மூன்றை எடுத்துக் கதைப்பம்.

மற்றப் பாதி, அந்தப் புள்ளியில் நிற்கும்போது வாய் திறப்பது. அதைக் கடதாசியில் பழக ஏலாது.